கடலோர வெந்நீர் ஊற்று விடுதியில் குடும்பத்தோடு: ஜப்பான் கிளம்பும் மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஜப்பான் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஃபூஜி மலை என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு அலுப்போடு திரும்புகிறார்கள். நடுவில் இரண்டு இரவு கடலோரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கிவிட்டு வாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். குறிப்பாக அப்பா அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்களிடம். உடனே கேள்விகள் வரும்: துணி, சாப்பாடு, செலவு, முழங்கால் வலி. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெந்நீர் ஊற்றுக்கு கணேஷ்புரி போதாதா? ஜப்பான் வரை போகணுமா?

கணேஷ்புரி, வஜ்ரேஷ்வரி குண்டங்கள் நமக்குப் பழக்கமானவை. தான்சா ஆற்றங்கரையில் காலையில் இறங்கி முழுக்குப் போட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஜப்பானில் தங்குவதே குளியலைச் சுற்றித்தான். மதியம் மூன்று மணிக்கு விடுதிக்குள் நுழைந்ததும் ஒரு குளியல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சற்று இடைவெளி விட்டு ஒன்று, விடியற்காலையில் கடலைப் பார்த்தபடி இன்னொன்று. நடுவே தூக்கமும் சாப்பாடும். வேறு வேலையே கிடையாது.

இதை அங்கே ஒன்சென் என்பார்கள். 1948இல் வந்த ஒன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள தாதுக்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். ஆகவே ஒன்சென் என்று பெயர்ப்பலகை இருந்தாலே தண்ணீர் கொதித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தமில்லை. சூடாக்கி, வடிகட்டி, மறுபடி விடும் இடங்களும் நிறைய. ஊற்று நீர் தொட்டியில் விழுந்து அப்படியே வழிந்தோடும்படி விட்டிருந்தால் அதற்கு காகேநகாஷி என்று பெயர். பதிவு செய்யும்போது கேளுங்கள், இருந்தால் அதற்கே போங்கள்.

கடலோர ஊற்றுகளில் உப்பு கலந்த நீர் அதிகம். அந்த உப்பு தோலின் மேல் மெல்லிய படலமாகத் தங்குவதால், வெளியே வந்த பிறகும் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது. குளிர்காலத்தில் பெரியவர்கள் ராத்திரி முழுக்கக் கதகதப்பாகத் தூங்குவதற்கு இதுதான் காரணம்.

எந்த ஊர் நல்லது?

டோக்கியோவில் இறங்குகிறவர்களுக்கு அதாமி. டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கோடாமா என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஐம்பது நிமிடம். ஊருக்குள்ளேயே மணற்கடற்கரை உண்டு. அரை மணி நேரப் படகுப் பயணத்தில் ஹாட்சுஷிமா என்ற குட்டித் தீவு. கோடையில் மட்டும் அல்லாமல் வருடத்தில் பல இரவுகள் விரிகுடாவின் மேல் வாணவேடிக்கை நடத்துகிறார்கள். தேதி முன்கூட்டியே வெளிவந்துவிடும், அதைப் பார்த்துப் பதிவு செய்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஒரே குறை, ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பாட்டியை நடத்திக் கூட்டிப் போக முடியாது. விடுதி வண்டி அனுப்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒசாகா, கியோட்டோ போகிறவர்களுக்கு வாகயாமா பக்கத்து ஷிராஹாமா. ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். வெள்ளை மணல் கடற்கரை. சின்னக் குழந்தைகள் நாளெல்லாம் விளையாட இதைவிட நல்ல இடம் இந்தப் பட்டியலில் இல்லை. பாறைக் கரையில், அலை தெறிக்கும் தூரத்தில் சாகி-நோ-யு என்ற பழமையான திறந்தவெளிக் குளியலும் அங்கேதான்.

நாள் அதிகம் இருந்தால் கியூஷு தீவில் பெப்பு. ஊற்றுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். தெருவோரக் குழாய்களிலிருந்தும் சாக்கடை மூடிகளிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். அதே ஆவியில் காய்கறி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் வேகவைத்துக்கொள்ளும் இடங்கள் கன்னாவா பகுதியில் உண்டு. இட்லிப் பானையில் வேகவைத்துப் பழகிய நமக்கு அந்தக் காட்சியும் வாசனையும் உடனே பிடித்துப்போகும். சைவக் குடும்பத்துக்கு என் முதல் சிபாரிசு பெப்புதான், பயண நேரம் கூடினாலும் சரி.

பள்ளி விடுமுறைக்கு எது சரியான மாதம்?

நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விடுமுறை. ஆனால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான வாரம் ஜப்பானியர்களுக்கும் தொடர் விடுமுறை. அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. மே 8க்கு மேல் போங்கள். ஜூன் தொடங்கினால் அங்கேயும் மழைக்காலம்.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட்தான். அதற்கு நம் பள்ளிக்கூடம் விடாது. மே மாதத்தில் கரையில் நடக்கலாம், கால் நனைக்கலாம், அவ்வளவுதான். தீபாவளி விடுமுறை அருமையான நேரம்: காற்றில் லேசான குளிர், வெந்நீர் இதமாக இருக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை புயல் வர வாய்ப்பு உண்டு. அந்த நாட்களில் முன்பதிவை ரத்து செய்யும் விதிகளைக் கவனமாகப் படியுங்கள்.

துணியே இல்லாமல்தான் குளிக்கணுமா?

பொதுக் குளியல் கூடத்தில், ஆமாம். நீச்சலுடையும் கூடாது. எல்லாரும் தயங்குவது இங்கேதான், குறிப்பாக நம் பெண்கள். கணேஷ்புரியில் புடவையோடு இறங்கியவர்களுக்குத் தயக்கம் வருவது இயல்பு. கூடத்தில் பெண்கள் பகுதி தனி, ஆண்கள் பகுதி தனி. உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டி, அம்மா, பேத்தி மூன்று தலைமுறையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதுகு தேய்த்துவிட்டுக்கொள்வது அங்கே சாதாரணக் காட்சி. ஆனாலும் மனம் ஒப்பவில்லையென்றால் யாரையும் வற்புறுத்தாதீர்கள். தனிக் குளியலறை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கூடத்தில் செய்ய வேண்டியது இதுதான். உடை மாற்றும் இடத்தில் ஒரு கூடை இருக்கும், துணியையெல்லாம் அதில் போட்டுவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறோம். சுவரோரம் வரிசையாகச் சிறு முக்காலிகள், முன்னால் குழாய், சோப்பு, ஷாம்பு. முக்காலியில் உட்கார்ந்தே குளிக்க வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள். எண்ணெய் மிதந்தால் அடுத்தவர்களுக்குத் தொல்லை. சோப்பு நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் கால் வைக்கலாம். தொட்டி உடம்பை ஊறவைக்க மட்டும், அழுக்கு தேய்க்க அல்ல. நீண்ட கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்ளுங்கள். துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். வெளியே வருமுன் உடம்பை ஒரு தடவை துடைத்துவிட்டால் உடை மாற்றும் இடத்தின் தரை ஈரமாகாது. நீந்தக் கூடாது, போன் உள்ளே கூடவே கூடாது.

எட்டு வயதுப் பையன் அம்மாவோடு போகலாமா?

கூடாது. முன்பு பத்து வயதுக்குக் கீழ் என்றால் விட்டார்கள். 2020 கடைசியில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் ஏறக்குறைய ஏழு வயது ஆகிவிட்டாலே ஆண் பெண் குழந்தைகளைக் கலந்து விட வேண்டாம் என்று வழிகாட்டுதலை மாற்றியது. உள்ளூர் விதி இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பையன் அப்பாவோடு, பெண் அம்மாவோடு என்று வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. டயப்பர் கட்டும் வயதுக் குழந்தையைப் பெரிய தொட்டியில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல விடுதிகளில் ஆண்கள் கூடத்தையும் பெண்கள் கூடத்தையும் ராத்திரியோடு மாற்றிவிடுவார்கள், இரண்டு காட்சியையும் எல்லாரும் பார்க்கட்டும் என்பதற்காக. முதல் நாள் மாலை இடப்பக்கம் போனோம் என்று காலையில் தூக்கக் கலக்கத்தில் அதே பக்கம் நுழைந்துவிடக் கூடாது. வாசலில் தொங்கும் துணித் திரையைப் பாருங்கள்: பொதுவாக நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. எழுத்தை ஊழியரிடம் ஒருமுறை கேட்டுப் படம் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் பத்திரம்.

குடும்பமாக மட்டும் குளிக்க இடம் உண்டா?

உண்டு, நம்மவர்களுக்கு இதுதான் சரியான வழி. காஷிகிரி என்று கேளுங்கள். ஒரு சிறிய குளியலறையை நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடம் உங்களுக்கே ஒதுக்கி, உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் தனிக் கட்டணம். மாலை நேரம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், வரவேற்பில் சாவி வாங்கும்போதே நேரத்தையும் குறித்துவிடுங்கள். முடிந்தால் அறை பதிவு செய்யும்போதே.

பால்கனியிலேயே வெந்நீர்த் தொட்டி இருக்கும் அறைகளும் கிடைக்கும். விலை கூடும். ஆனால் நடமாட முடியாத பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால், மற்றச் செலவைக் குறைத்தாவது இதை எடுக்கச் சொல்வேன். அதில் வருவது ஊற்று நீரா, வெறும் குழாய் வெந்நீரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி கையில் பச்சை குத்தியிருக்கிறார். விடுவார்களா?

நல்ல கேள்வி. ஜப்பானில் பச்சை என்றால் ரவுடிக் கும்பல் நினைவு வரும், அதனால் பல கூடங்களில் தடை. 2015இல் சுற்றுலாத் துறை நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்ன விடுதிகளில் பாதிக்குச் சற்று மேல் அனுமதிப்பதில்லை என்றார்கள். பிறகு வெளிநாட்டவர்களுக்காகப் பல இடங்கள் தளர்த்தியுள்ளன. முன்னங்கையில் கோலம் போல் பச்சை குத்திய எழுபது வயதுப் பாட்டியை ரவுடி என்று யாரும் நினைக்கப் போவதில்லை, ஆனால் விதி விதிதான். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சிறியதாக இருந்தால் தோல் நிற ஒட்டுப்பட்டையால் மறைக்கச் சொல்வார்கள். பெரியதென்றால் காஷிகிரி.

மருதாணி சில நாளில் அழிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து நேரே போகிறவர்கள் கவனிக்க.

தாலி, மெட்டி, கொலுசு?

கழற்ற வேண்டும் என்று கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் கந்தகம் கலந்த நீரில் வெள்ளி கறுத்துவிடும், மெட்டியும் கொலுசும் முதலில் போகும். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் சாயம் தண்ணீரில் இறங்கும், அவர்களுக்குத் தனிக் குளியலே நல்லது.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் குளிக்கலாமா?

முதலில் மருத்துவரைக் கேளுங்கள், இதில் சமரசம் வேண்டாம். தண்ணீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி. நம் வீட்டு வாளி வெந்நீரைவிடச் சூடு, அதிலும் கழுத்துவரை மூழ்குகிறோம். காலில் நாலைந்து சொம்பு ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டு இறங்குங்கள். பெரியவர்கள் நெஞ்சு வெளியே இருக்கும்படி, ஐந்து நிமிடம் போதும். எழுந்திருக்கும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். குளிர்காலத்தில் ஜில்லென்ற அறையில் உடை மாற்றிவிட்டு நேரே சூடான நீரில் இறங்கினால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். சாப்பிட்ட உடனே வேண்டாம், மது அருந்திவிட்டு வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால், வீட்டார் கையை விட்டுப் பார்த்த பிறகே இறங்கலாம். பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கர்ப்பிணிகள் குளிக்கக் கூடாது என்று அங்கே பட்டியலில் இருந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வழுக்கும் தரையும் அதிகச் சூடும் ஆபத்துதான். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பது மரியாதை.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கடலோர விடுதியின் பெருமையே மீன்தான். ராத்திரி விருந்தில் பத்துக்கு மேல் சின்னச் சின்னப் பாத்திரங்கள், அழகாக இருக்கும், பாதிக்கு மேல் மீனும் இறாலும். காய்கறியாகத் தெரிவதிலும் சிக்கல் உண்டு. கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி, கொதிக்கவிட்டு எடுக்கும் தாஷி என்ற சாறுதான் அவர்கள் சமையலின் அடித்தளம். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், வேகவைத்த பூசணி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. "இறைச்சி, மீன், இறால், மீன் தாஷி எதுவும் வேண்டாம், கடற்பாசி, காளான் தாஷி போதும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதி, பதிவு செய்யும்போதே அனுப்புங்கள். முட்டை, பால், வெங்காயம், பூண்டு விஷயத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வந்திறங்கிய பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. சாமான் அன்றைக்கென்று வாங்கி வைத்திருப்பார்கள்.

முடியாது என்று பதில் வந்தால் அதை மதித்து வேறு இடம் பாருங்கள். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு பஃபே வைக்கும் பெரிய விடுதிகள் வசதி: சாதம், டோஃபு, சாலட், பழம், உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி என்று ஏதாவது அமையும். அல்லது ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் அறையை மட்டும் எடுக்கலாம். விலையும் கணிசமாகக் குறையும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தயங்காமல் முழு விருந்தோடு பதிவு செய்யுங்கள், அந்தக் கடல் மீனுக்காகவே ஊர்க்காரர்கள் வருகிறார்கள்.

மும்பையிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்?

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள். அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும். அவர்கள் சாதம் கொஞ்சம் ஒட்டும், ஆனால் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் குழந்தைகள் அமைதியாகச் சாப்பிடும். சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போகாமல் அறையில் வைத்துச் சாப்பிடுங்கள்.

இறைச்சி ஊறுகாய், கருவாடு கலந்த கோழிப் பொடி என்று மாமிசம் சேர்ந்த எதுவும் வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் மாம்பழம், கறிவேப்பிலை, வெற்றிலை கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் பறிபோகும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ரைஸ் குக்கரும் இண்டக்ஷன் அடுப்பும் சரியாக வேலை செய்யாது. பாய் விரித்த அறையில் சமைக்கவும் கூடாது.

கட்டணம் எப்படிப் போடுவார்கள்?

நம் ஊரில் அறைக்கு விலை. அங்கே பெரும்பாலும் தலைக்கு விலை, இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து. விலைப்பட்டியலைப் பார்த்ததும் இது நான்கு பேருக்கா, ஒருவருக்கா என்று பாருங்கள். குழந்தைகளுக்கு பல இடங்களில் மூன்று படி: பெரியவர்கள் சாப்பாட்டின் சிறிய வடிவம் என்றால் ஏறக்குறைய 70 சதவீதம், குழந்தைச் சாப்பாடு என்றால் 50, படுக்கை மட்டும் என்றால் 30. கைக்குழந்தைக்கு இலவசம் அல்லது சிறு தொகை. இதோடு குளியல் வரி, பொதுவாகப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 யென். சனிக்கிழமை ராத்திரி விலை ஏறும். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் அதே அறை நன்றாகக் குறையும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் படுக்கணுமா?

தாதாமி பாய் அறையில் தரையில் மெத்தை விரிப்பார்கள். நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் ஊழியர்கள் வந்து விரித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் குழந்தைகள் அதில் உருளாமல் விடாது. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கட்டிலும் பாயும் கலந்த அறை கேளுங்கள், சாப்பாட்டுக்கு மேசை நாற்காலி வேண்டும் என்றும் சொல்லுங்கள். பாயில் செருப்பு, பெட்டிச் சக்கரம் இரண்டும் படக் கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதையே போட்டுக்கொண்டு அறைக்குள் வந்துவிடாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் பீச்சும் வசதி பெரும்பாலும் உண்டு, நமக்கு அந்தக் கவலை இல்லை.

அறையில் யுகாதா என்ற பருத்தி அங்கி இருக்கும், குழந்தைகள் அளவிலும் தருவார்கள். அதை அணிந்தே சாப்பிடப் போகலாம். இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

பெரிய பெட்டிகளை என்ன செய்வது?

டோக்கியோ விடுதியிலிருந்தே அடுத்த ஊருக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். கடலோர விடுதிக்கு ஒரு சிறு பை போதும். ஷின்கான்சென்னில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும்.

கடலோரம் என்றால் சுனாமி பயம் இல்லையா?

நில அதிர்வு உள்ள நாடு, அதனால்தான் வெந்நீரும் வருகிறது. அறைக்குள் போனதும் கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழிப் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். மேடான இடம் எந்தப் பக்கம் என்று ஊழியரிடம் கேளுங்கள். கரையில் இருக்கும்போது பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேலே ஏறுங்கள்.

கிளம்பும்போது டிப்ஸ் கொடுக்கணுமா?

வேண்டாம், வாங்க மாட்டார்கள். நன்றி சொன்னால் போதும். அறையைப் பெரும்பாலும் பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். குளியல் கூடத்தை அதற்கு முன்பே கழுவுவதற்காக மூடிவிடுவார்கள், அதனால் கடைசிக் குளியலைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.